பரம்பரை எலும்புக் குறைபாடு உள்ளவர்களுக்கு முட்டி மாற்று: முட்டியைக் கடைசியாகப் பாருங்கள்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தங்கைக்கு 39 வயது. மல்டிபிள் எபிஃபைசியல் டிஸ்பிளேசியா என்ற பரம்பரை எலும்புக் குறைபாடு. இரண்டு முட்டியும் தேய்ந்து படி ஏற முடியவில்லை. ஒரு டாக்டர் "60 வயது வரைக்கும் தள்ளிப் போடுங்கள்" என்கிறார். இன்னொருவர் "அடுத்த மாதமே இரண்டையும் மாற்றிவிடலாம்" என்கிறார். யார் சொல்வது சரி? தங்கையின் 11 வயது மகனுக்கும் கால் வளைய ஆரம்பித்திருக்கிறது. அவனும் கடைசியில் ஆபரேஷனில்தான் போய் நிற்க வேண்டுமா?

நான் மூட்டு மாற்று அறுவை செய்கிறவன். இரண்டு டாக்டர்களும் வயதையும் முட்டியையும் மட்டும் வைத்துப் பேசியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. உங்கள் தங்கையின் விஷயத்தில் அந்த இரண்டும் பின்னால் வர வேண்டியவை. வயதாகித் தேய்ந்த முட்டி என்றால் முட்டியின் எக்ஸ்ரேயைப் பார்த்துப் பாதி முடிவு எடுத்துவிடலாம். பிறவியிலேயே எலும்பின் கட்டுமானம் மாறியிருக்கிறவர்களுக்கு அப்படி முடியாது. நோயின் பெயர், கழுத்து, இடுப்பு, தொடையிலிருந்து கணுக்கால் வரை காலின் கோடு, இவ்வளவையும் பார்த்த பிறகுதான் முட்டிக்கு வர வேண்டும்.

பெயரிலிருந்து ஆரம்பிக்கிறேன். பரம்பரை எலும்புக் குறைபாடு என்பது ஒரே நோய் இல்லை. 2023இல் வெளியான சர்வதேச வகைப்பாட்டில் 771 குறைபாடுகளும் அவற்றுக்குக் காரணமான 552 மரபணுக்களும் இடம்பெற்றிருக்கின்றன. அறுவை செய்கிறவர் கண்ணோட்டத்தில் பார்த்தால் இந்த 771உம் சில விதமான தொல்லைகளுக்குள் வந்துவிடும். எலும்பு சிறியதாகவோ கோணலாகவோ இருக்கும், இல்லையென்றால் எளிதில் நொறுங்கும், இல்லையென்றால் மென்மையாக இருக்கும், இல்லையென்றால் கல் மாதிரி கெட்டியாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஆபரேஷன் முற்றிலும் வேறு. அதனால் "ஏதோ பிறவிக் குறைபாடு" என்ற அளவில் நின்றுவிடாமல், முடிந்தால் மரபணுப் பரிசோதனை வரை போய்ப் பெயரை உறுதிசெய்துகொள்வது நல்லது. குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லையே என்று ஒதுக்கிவிட முடியாது. கை கால் குட்டையாகி ஆள் குள்ளமாகிற அகான்ட்ரோபிளேசியா உள்ளவர்களில் சுமார் 80 சதவீதம் பேருடைய பெற்றோர் சராசரி உயரம் உள்ளவர்கள்தான். அந்த மரபணு மாற்றம் பிள்ளையிடம்தான் புதிதாகத் தோன்றியிருக்கும்.

உங்கள் தங்கைக்கு இருப்பது முதல் வகை. நீள எலும்பின் நுனி, அதாவது மூட்டை உருவாக்கும் பகுதி, குழந்தைப் பருவத்தில் குருத்தெலும்பாக இருந்து பிறகு எலும்பாக மாறும். இந்த நோயில் அந்த மாற்றம் தாமதமாகவும் ஒழுங்கில்லாமலும் நடக்கிறது. பலரிடம் காம்ப் என்ற புரதத்துக்கான மரபணுவில் பிழை இருக்கும். பிழையான புரதம் செல்லைவிட்டு வெளியே வர வேண்டியது, உள்ளேயே தேங்கிக் கடைசியில் அந்தச் செல்லையே கொன்றுவிடுகிறது. இதே மரபணுவின் பிழை இன்னும் கடுமையாக வெளிப்பட்டால் சூடோஅகான்ட்ரோபிளேசியா என்ற, ஆள் குள்ளமாகிற நோய். விளைவு என்னவென்றால், தொடை எலும்பின் உருண்டையான நுனி தட்டையாகிவிடும். தட்டையான தளத்தின் மேல் மூட்டு சீராக உருள முடியாது, அதனால் 30 வயதிலேயே தேய்மானம் வந்துவிடுகிறது. சின்ன வயதில் இவர்களில் சிலருக்கு இரண்டு இடுப்பிலும் பெர்த்தஸ் நோய், அதாவது ரத்த ஓட்டம் தடைபட்டுத் தொடை எலும்பின் தலை சிதைகிற நோய் என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி பெர்த்தஸ் என்று பழைய சீட்டில் இருந்தால் இந்த நோயை நினைக்க வேண்டும்.

இப்போது இடுப்பு. இந்த நோயில் முட்டியைவிட இடுப்பு மூட்டு முன்னாலேயே கெடுவது சகஜம். அந்த வலி தொடை வழியாக இறங்கி முட்டியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். முட்டி எக்ஸ்ரேயும் மோசமாக இருப்பதால் பழி முழுக்க முட்டி மேல் விழுந்துவிடும். மல்லாக்கப் படுக்க வைத்து, காலைத் தூக்கி, இடுப்பில் உள்பக்கமாகத் திருப்பினால் "ஐயோ, முட்டி" என்று கத்துகிறவர்கள் உண்டு. நான் தொட்டது இடுப்பை! இன்னும் சந்தேகமாக இருந்தால் இடுப்பு மூட்டுக்குள் மரத்துப்போகிற ஊசி போட்டுப் பார்க்கலாம். சில மணி நேரத்துக்கு முட்டி வலி மறைந்துவிட்டால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். இரண்டுமே கெட்டிருந்தால் பொதுவாக இடுப்பை முதலில் மாற்றுவோம். இடுப்பு மடங்கி இறுகிக் கிடக்கும்போது முட்டியை மட்டும் நேராக்கினால், நிற்கும்போது அது மறுபடி மடங்கத்தான் பார்க்கும். பயிற்சியும் செய்ய முடியாது. "அடுத்த மாதமே முட்டி" என்றவர் இடுப்பு எக்ஸ்ரே எடுத்தாரா என்று கேளுங்கள்.

அகான்ட்ரோபிளேசியாவில் இதே மாதிரி வேறொரு பொறி இருக்கிறது. அவர்களுக்குக் கால் வில்லாக வளைந்திருக்கும், ஆனால் மூட்டுக் குருத்தெலும்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கடுமையான தேய்மானம் அவர்களிடம் அவ்வளவாக வருவதில்லை. கொஞ்ச தூரம் நடந்தால் காலில் வலி, மரத்துப்போதல், குந்தி உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ நிம்மதி என்றால் அது முதுகுத்தண்டின் கால்வாய் குறுகி நரம்பு நசுங்குவதால் வருவது. அந்த ஆளுக்கு முட்டியை மாற்றினால் வலியும் போகாது, புது முட்டியும் வீண்.

கழுத்தைப் பற்றிச் சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். முட்டிக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம்? மயக்க மருந்து கொடுக்கும்போதுதான் சம்பந்தம். கழுத்தின் இரண்டாவது முள்ளெலும்பில் ஆணி மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பகுதி உண்டு. தலை அதைச் சுற்றித்தான் திரும்புகிறது. ஸ்பாண்டிலோஎபிஃபைசியல் டிஸ்பிளேசியா, மோர்கியோ நோய், சூடோஅகான்ட்ரோபிளேசியா ஆகிய குள்ளமாக்கும் பரம்பரை நோய்களில் அந்த ஆணி வளராமல் குட்டையாக நின்றுவிடலாம். விழித்திருக்கும்போது கழுத்துத் தசைகள் பிடித்துக்கொள்வதால் ஒன்றும் தெரியாது. மயக்கம் கொடுத்துத் தசை தளர்ந்த பிறகு, சுவாசக் குழாய் போடுவதற்காகத் தலையைப் பின்னால் சாய்த்தால் எலும்பு நழுவித் தண்டுவடத்தை நசுக்கிவிடலாம். அதனால் தலையைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் கழுத்து எக்ஸ்ரே, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. இல்லாமல் இவர்களை அரங்குக்குள் கொண்டு போகக் கூடாது. உங்கள் தங்கையின் நோயில் முதுகெலும்பு பெரும்பாலும் தப்பித்துவிடும். இருந்தாலும் எடுத்துப் பார்த்துவிடச் சொல்வேன். ஒரு எக்ஸ்ரேதானே. அப்படியென்றால் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யலாமே என்று தோன்றும். பலருக்கு அது நல்ல வழி. அகான்ட்ரோபிளேசியாவில் கால்வாயே குறுகல் என்பதால் அங்கேயும் யோசிக்க வேண்டும். மயக்க மருந்து டாக்டரை ஆபரேஷன் அன்று காலையில் சந்திப்பது இவர்களுக்குப் போதாது. சில வாரம் முன்னாலேயே பார்த்துவிட வேண்டும்.

சரி, கழுத்தும் இடுப்பும் பார்த்தாயிற்று, முட்டியை மாற்றத்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, நிற்க வைத்து எடுக்கும் முழு நீளக் கால் எக்ஸ்ரே. இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்கால் நடுவுக்கு ஒரு கோடு போட்டால் அது முட்டியின் நடுப்பகுதி வழியாகப் போக வேண்டும். இவர்களிடம் கோடு முட்டிக்கு வெளியே எங்கேயோ போகும். வளைவு எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். மூட்டுக்குள்ளேயே தேய்ந்து வந்த வளைவு என்றால் செயற்கை மூட்டு வைக்கும்போதே சரிசெய்துவிடலாம். வளைவு தொடை எலும்பின் தண்டில் இருந்தால், அதை ஈடுகட்ட முட்டிப் பக்கத்தில் எலும்பைச் சாய்வாக வெட்ட வேண்டியிருக்கும். முட்டிக்கு அருகில் இருக்கிற வளைவு, தூரத்தில் இருக்கிற அதே அளவு வளைவைவிட அதிகம் படுத்தும். எக்ஸ்ரே மேல் அந்த வெட்டுக்கோட்டைப் போட்டுப் பார்ப்போம். கோடு பக்கவாட்டுத் தசைநார் ஒட்டியிருக்கும் இடத்தைத் தாண்டிப் போனால், வெட்டும்போது தசைநாரும் சேர்ந்து போய்விடும், முட்டி ஆடும். அப்போது தொடை எலும்பை வளைவு இருக்கிற இடத்திலேயே வெட்டி நேராக்கிவிட்டு, அதே சமயத்திலோ சில மாதம் கழித்தோ மூட்டை மாற்றுவோம். இரண்டு ஆபரேஷனா என்று நோயாளி முகம் சுளிப்பது நியாயம்தான், ஆனால் தசைநாரை இழந்த முட்டியோடு வாழ்வது அதைவிடப் பாடு.

தசைநார் ஏற்கெனவே தளர்ந்து போயிருந்தால் நடுவில் முளை வைத்து ஆட்டத்தைத் தடுக்கும் மூட்டோ, கதவுக் கீல் மாதிரி இரண்டு பாகமும் பிணைந்த மூட்டோ தேவைப்படும். இங்கே ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. மூட்டு எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறதோ, அவ்வளவு விசை எலும்பும் மூட்டை அதில் ஒட்டுகிற சிமென்டும் சேருகிற இடத்துக்குப் போகும், அது சீக்கிரம் தளரும். 39 வயதுக்காரருக்குக் கீல் மூட்டைக் கடைசி வழியாகத்தான் வைத்திருப்பேன்.

அளவு இன்னொரு தலைவலி. நிறுவனங்கள் தரும் ஆகச் சிறிய அளவே சிலருடைய எலும்புக்குப் பெரியதாக இருக்கும். ஓரம் இரண்டு மில்லிமீட்டர் வெளியே துருத்தினாலும் தசைநார் அதில் உரசி, ஆபரேஷன் நன்றாக நடந்தும் வலி போகாது. அதனால் சி.டி. ஸ்கேன் எடுத்து முன்கூட்டியே அளந்து, தேவைப்பட்டால் அந்த ஆளுக்கென்றே மூட்டைச் செய்யச் சொல்ல வேண்டும். வந்து சேர வாரக் கணக்காகும். "அடுத்த மாதமே" என்பதில் எனக்கு இருக்கிற தயக்கம் இதுவும்தான். ரோபோ பற்றியும் கேட்பீர்கள். சாதாரண முட்டிக்கு ரோபோ என்கிற விளம்பரங்கள் மேல் எனக்குப் பெரிய மோகம் இல்லை. ஆனால் இந்த நோயாளிகளிடம் ரோபோவோ கணினி வழிகாட்டலோ உண்மையிலேயே உதவும். வழக்கமான முறையில் தொடை எலும்பின் உள்ளே நீளக் கம்பியை விட்டுத்தான் கோணத்தைக் கணக்கிடுவோம். எலும்பு வளைந்திருந்தாலோ, மஜ்ஜைக் குழி அடைத்திருந்தாலோ, சின்ன வயதில் போட்ட கம்பி உள்ளேயே இருந்தாலோ அந்தக் கம்பி போகாது.

சின்ன வயதுக் கம்பி என்றதும் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா நினைவுக்கு வருகிறது. எலும்பில் கொலாஜன் என்ற புரதம் சரியாக உருவாகாமல், தும்மினால்கூட எலும்பு முறிகிற நோய். கடுமையான வகையில் ரத்த அழுத்தப் பட்டை இறுகினாலே கை எலும்பு முறியலாம். இவர்களைக் கட்டிலிலிருந்து மேசைக்கு மாற்றுவதே தனி வேலை. செயற்கை மூட்டை வழக்கம் போலச் சுத்தியலால் தட்டி இறக்கக் கூடாது. எலும்பு முறியாமல் இருக்க நீளமான தண்டுள்ள மூட்டை வைத்தால், தண்டின் நுனி முடிகிற இடத்தில் அழுத்தம் குவிந்து பிறகு அங்கே முறியும் அபாயம் உண்டு. ஆளைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இவர்கள் பலர் எலும்பைக் காக்க பிஸ்பாஸ்பனேட் மருந்தை ஆண்டுக் கணக்கில் எடுத்திருப்பார்கள். தொடையில் புதிதாக வலி இருந்தால் அந்த மருந்தால் வரும் தொடை எலும்பு விரிசலா என்று பார்க்காமல் முட்டியில் கை வைக்கக் கூடாது.

இதற்கு நேர் எதிர் ஆஸ்டியோபெட்ரோசிஸ். 1904இல் ஆல்பர்ஸ்-ஷோன்பெர்க் என்ற ஜெர்மானிய கதிரியக்க மருத்துவர் எக்ஸ்ரேயில் கண்டு விவரித்தது. பழைய எலும்பை அரித்து எடுக்கும் செல்கள் வேலை செய்யாததால் எலும்பு சேர்ந்துகொண்டே போகும். எக்ஸ்ரேயில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக இருக்கும், மஜ்ஜைக் குழியே தெரியாது. ரம்பத்தை வைத்தால் வழக்கமாக எழும் சத்தம் மாறி, கீச்சென்று கல்லை அறுக்கிற சத்தம் வரும். டிரில் முனை மழுங்கும், சில சமயம் உள்ளேயே உடையும். அவசரப்பட்டு அழுத்தினால் சூட்டில் எலும்பு கருகிச் செத்துவிடும். உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, கொஞ்சம் அறுப்பது, நிறுத்துவது, மறுபடி அறுப்பது. சாதாரண முட்டிக்கு ஆகிற நேரத்தைப் போல இரண்டு மடங்கை ஒதுக்கிவைத்து, உபரி ரம்பத் தகடுகளோடு இறங்க வேண்டும். கெட்டியாக இருந்தாலும் கண்ணாடி மாதிரி விண்டுபோகும் என்பதுதான் இதில் விசித்திரம்.

மென்மையான எலும்புக்கு எடுத்துக்காட்டு எக்ஸ்.எல்.ஹெச். என்கிற பாஸ்பேட் குறைபாடு. சிறுநீரில் பாஸ்பேட் ஒழுகிப் போவதால் எலும்பு கெட்டிப்படாமல் வளைகிறது. இங்கே அறுவைக்கு முன்னால் மருந்துதான் முதல் வேலை. பாஸ்பேட்டும் செயல்படு நிலை வைட்டமின் டி-யும் நெடுநாளாக இருக்கின்றன. 2018 முதல் புரோசுமாப் என்ற ஊசியும் வந்திருக்கிறது. பலர் தவறவிடுவது பல். இந்த நோயில் சொத்தை இல்லாத பல்லிலேயே வேரில் சீழ் கட்டும். அந்தக் கிருமி ரத்தத்தில் கலந்து செயற்கை மூட்டில் போய்த் தங்கினால் மூட்டையே எடுக்க வேண்டி வரலாம். முதலில் பல் டாக்டர், பிறகுதான் எலும்பு டாக்டர்.

அல்காப்டோனூரியா என்று ஒன்று உண்டு, எலும்பு நோய் என்பதைவிடக் குருத்தெலும்பு நோய் என்று சொல்ல வேண்டும். முட்டியைத் திறந்தால் முத்து மாதிரி வெண்மையாக இருக்க வேண்டிய குருத்தெலும்பு கரியாக இருக்கும். முதல் தடவை பார்க்கிறவர் கத்தியைக் கீழே வைத்துவிடுவார். ஆனால் வழக்கமான மூட்டே போதும், பலன் நன்றாகவே இருக்கும். பரம்பரை நோய் என்றாலே சிக்கல் என்று இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

வயது விஷயத்துக்கு வருகிறேன். பொதுவாக முட்டி மாற்று செய்துகொண்டவர்களில் 25 வருடம் கழித்தும் 100இல் சுமார் 82 பேருடைய மூட்டு தாக்குப்பிடிக்கிறது என்று 2019இல் பெரிய பதிவேடுகளை அலசிச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். 50களின் ஆரம்பத்தில் செய்துகொண்ட ஆண்களில் 35 சதவீதம் பேர் வரைக்கும் வாழ்நாளில் மறு அறுவைக்குப் போகலாம் என்று பிரிட்டன் கணக்கு ஒன்று சொல்கிறது. 39 வயதில், எலும்பும் சரியில்லாதபோது, உங்கள் தங்கைக்கு ஒரு மறு அறுவை வரும் என்று எடுத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். ஒருவேளை இரண்டு.

அதற்காக 60 வரை காத்திருப்பதா? அதை நான் ஏற்கவில்லை. இன்னும் 21 வருடம் வலியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் தொடைத் தசை கரைந்துவிடும், முட்டி மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும், வளைவு கூடும். அப்புறம் செய்கிற ஆபரேஷன் இன்றைக்குச் செய்வதைவிடக் கடினம், பலனும் குறைவு. நீண்ட நாள் மடங்கியும், முட்டிக்குக் கீழே கால் வெளிப்பக்கம் விலகியும் இருந்த முட்டியை ஒரே நாளில் நேராக்கினால் பக்கவாட்டு நரம்பு இழுபட்டுப் பாதம் தொங்கிப்போகவும் வாய்ப்பு உண்டு. நான் கேட்கிற கேள்விகள் எளியவை. இரவில் வலியில் விழிப்பு வருகிறதா? வேலையை விட வேண்டி வந்ததா? முட்டி முழுதாக நீட்ட வருகிறதா, ஒரு வருடத்தில் அது குறைந்ததா? எடை, தொடைத் தசைப் பயிற்சி, கைத்தடி, வலி மாத்திரை எல்லாம் முயன்று பார்த்தாகிவிட்டதா? முயன்ற பிறகும் இதற்கெல்லாம் மோசமான பதில்தான் என்றால் 39இலும் செய்வேன். மூட்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, இன்னொரு பக்கம் பிழைத்திருந்தால் எலும்பை வெட்டிக் கோட்டைத் திருப்புகிற அறுவையால் சில வருடம் வாங்கலாம். உங்கள் தங்கையின் நோயில் பொதுவாக இரண்டு பக்கமும் போயிருக்கும் என்பதால் அந்த வாய்ப்பு குறைவு.

இரண்டு முட்டியையும் ஒரே நாளில் செய்வது பற்றி: இரண்டும் ஒரே அளவுக்கு மடங்கி இறுகியிருந்தால் ஒன்றை மட்டும் நேராக்குவது காலை ஏற்ற இறக்கமாக்கும், இன்னொரு கால் இதையும் மறுபடி மடக்கிவிடும். அப்படியானால் ஒன்றாகவோ, சில வார இடைவெளியிலோ செய்வதில் அர்த்தம் இருக்கிறது. நேராக நீட்ட முடிகிறவர் என்றால் ஒவ்வொன்றாகச் செய்வதுதான் என் பழக்கம்.

குள்ளமானவர் என்றால் சில சின்ன விஷயங்களையும் முன்னாலேயே பேசிவிடுங்கள். முட்டியைச் சுற்றிப் போடுகிற மரத்துப்போகும் மருந்து எடைக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். எல்லோருக்கும் கலக்குகிற அதே சிரிஞ்ச் 35 கிலோ ஆளுக்கு அதிகமாகி இதயத்தைப் பாதிக்கும். ரத்தத்தை நிறுத்தத் தொடையில் கட்டுகிற பட்டை குட்டையான தொடையில் வழுக்கி இறங்கும், குழந்தைகளுக்கானது வேண்டும். வாக்கரும் குழந்தைகள் அளவு. முழங்கை நீளாதவர்களுக்கு முன்கையை ஊன்றுகிற வகை. முதல் நாள் பெரியவர்கள் வாக்கரைக் கொடுத்துவிட்டு "ஏன் நடக்க மாட்டேன் என்கிறார்" என்று கேட்கிற வார்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் மருமகன். இந்த நோயின் வழக்கமான வகையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு, அதனால் அவனுக்கும் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அவனிடம் அம்மாவிடம் இல்லாத ஒன்று இருக்கிறது, வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பு. முட்டிக்கு அருகே உள்ள வளர்ச்சித் தட்டின் ஒரு பக்கத்தில் இரண்டு திருகாணியோடு சிறிய தகடு ஒன்றைப் பொருத்தினால் அந்தப் பக்கம் வளர்ச்சி நிதானப்படும், மறுபக்கம் வளர்ந்து கால் தானாக நேராகும். சிறிய ஆபரேஷன், நேரானதும் தகட்டை எடுத்துவிடலாம். குருத்தெலும்பை இது குணமாக்காது. ஆனால் எடை ஒரே பக்கமாக விழாது, பிற்காலத்தில் அவனுக்கு முட்டி மாற்றத் தேவைப்பட்டாலும் நேரான எலும்பில் சாதாரண ஆபரேஷனாக அது முடியலாம். பையன்களுக்குச் சுமார் 16 வயதில் வளர்ச்சித் தட்டு மூடிவிடும், இந்த நோயில் எலும்பு மெதுவாக வளர்வதால் நேராக வழக்கத்தைவிட அதிக காலம் பிடிக்கும். தங்கையின் முட்டிக்கு இன்னும் மூன்று மாதம் எடுத்து, இரண்டாவது மூன்றாவது கருத்துக் கேட்டு முடிவு செய்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. பையனை இந்த மாதமே குழந்தைகள் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள், முழுக் கால் எக்ஸ்ரேயோடு.